மலிவு விலையில் ஒரு திருநாள் விருந்து: நெதர்லாந்தின் சீன-இந்தோனேசிய உணவகங்கள்

சாவகம் என்னும் பெயர் தமிழ் இலக்கியம் கற்றோர்க்குப் புதியதன்று. மணிமேகலைக் காப்பியத்தில், வற்கடத்தால் வாடிய சாவக நாட்டு மக்களின் பசியாற்றக் கருதி, அமுதசுரபியைக் கையிலேந்திக் கப்பலேறுகிறான் ஆபுத்திரன். வழியில் மணிபல்லவத்தில் அவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. கடல் கடக்கப் புறப்படும் சோறு, எண்ணிய இடத்தை எண்ணியபடியே சென்றடைவதில்லை என்பதற்கு அக்கதை ஒரு சான்று. சாவகத்தை ஜாவா என்றும் அதனைச் சூழ்ந்த தீவுகள் என்றும் அறிஞர் கொள்வர். அந்தத் தீவுகளின் சோறு, இருபதாம் நூற்றாண்டில் எதிர்த்திசையில் கடல் கடந்து, ஒல்லாந்தரின் தாயகமான நெதர்லாந்தைச் சென்றடைந்தது. அந்தப் பயணமும் நேரான பயணமாக அமையவில்லை. அச்சோற்றைச் சமைத்தவருள் பெரும்பாலோர் ஜாவாவைக் கண்ணால் கண்டவரல்லர். உண்டவருள் பெரும்பாலோரும் கண்டவரல்லர். ஆயினும் அரை நூற்றாண்டுக் காலம் அந்நாட்டு எளிய குடும்பங்களின் திருநாள் விருந்து அதுவாகவே இருந்தது.

நெதர்லாந்தின் எந்தச் சிற்றூருக்குச் சென்றாலும், 1970களிலும் 1980களிலும் மூன்று கட்டடங்கள் தவறாமல் கண்ணிற்படும்: ஒரு தேவாலயம், ஒரு மதுக்கடை, ஒரு சீன உணவகம். உணவகத்தின் பலகையில் 'சீனீஸ்-இந்திஸ்' என்று எழுதியிருக்கும். நம்மவர் எவரேனும் அதைக் கண்டு, உள்ளே சென்றால் தோசையோ ரொட்டியோ கிடைக்கும் என்று எண்ணினால் ஏமாந்துபோவர். ஒல்லாந்தர் மொழியில் இந்தியாவைக் குறிக்கும் அடைமொழி வேறு. 'இந்திஸ்' என்பது அவர்கள் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளைக் குறிக்கும் சொல். அப்பெயருடைய நாடு 1949-ஆம் ஆண்டோடு வரைபடத்திலிருந்து மறைந்துவிட்டது. உணவகப் பலகைகளில் மட்டும் அது இன்றுவரை நிலைத்திருக்கிறது. மறைந்துபோன ஒரு பேரரசின் பெயரைத் தாங்கிய கடையில், வேறொரு நாட்டிலிருந்து வந்தவர்கள், மூன்றாவது நாட்டு மக்களுக்கு ஏன் மலிவாக உணவிட்டார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இருவேறு சீனர்

சீனர் நெதர்லாந்துக்கு வந்த வரலாற்றில் 1911-ஆம் ஆண்டு முதன்மையானது. அவ்வாண்டு கப்பல் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தபோது, அதனை முறியடிக்கக் கப்பல் நிறுவனங்கள் சீன மாலுமிகளைக் கொண்டுவந்தன. நீராவிக் கப்பலின் அடித்தளத்தில் நிலக்கரி அள்ளிப்போடும் கடும்பணி அவர்களுக்குரியதாயிற்று. கப்பலுக்காகக் காத்திருக்கும் நாள்களில் ராட்டர்டாம் துறைமுகத்தை அடுத்த காட்டென்ட்ரெக்ட் பகுதியிலும், ஆம்ஸ்டர்டாமின் பின்னன் பான்டமர் தெருவிலும் அவர்கள் தங்கினர். அத்தெருவின் பெயரில், 1596-இல் ஒல்லாந்தர் கப்பல்கள் முதன்முதலில் சென்றடைந்த ஜாவாவின் பான்டன் துறைமுகத்தின் பெயர் ஒலிப்பது நோக்கத்தக்கது. காட்டென்ட்ரெக்ட், 1920களில் ஐரோப்பாவின் பெரிய சீனக் குடியிருப்புகளுள் ஒன்றாக விளங்கியது.

அதே 1911-ஆம் ஆண்டில், லெய்டன் நகரில் 'சுங் ஹுவா ஹுயி' என்னும் சங்கம் தோன்றியது. அதனைத் தோற்றுவித்தவர்களும் சீனர்களே. ஆனால் அவர்கள் ஜாவாவில் பல தலைமுறைகளாக வாழ்ந்து, மலாயும் டச்சு மொழியும் பேசி, சட்டமும் மருத்துவமும் பயில வந்த செல்வர் வீட்டு மாணவர்கள். 'பெரனாக்கான்' எனப்படும் இவர்களுக்கும் கரி தள்ளிய மாலுமிகளுக்கும் இடையே மொழியாலோ வாழ்நிலையாலோ தொடர்பு ஏதுமில்லை. ஜாவாவின் சமையலைப் பிறவியிலேயே அறிந்தவர்கள் இம்மாணவர்கள். ஆயினும் பிற்காலத்தில் நாடெங்கும் ஜாவாவின் பெயரால் உணவகம் நடத்தியவர்கள் பெரும்பாலும் அவர்களல்லர். மாலுமிகளின் வழிவந்தோரே அப்பணியை மேற்கொண்டனர்.

தொடக்ககால உணவகங்கள் மாலுமிகளுக்காகவே நடந்தன. ஆம்ஸ்டர்டாமின் பின்னன் பான்டமர் தெருவில் 'காங் ஹிங்' உணவகம் 1928-இல் திறக்கப்பட்டது. அடுத்து வந்த பெருமந்தத்தில் கப்பல்கள் குறைந்தன. எண்ணெயில் இயங்கும் கப்பல்கள் பெருகவே, கரி தள்ளுவோர்க்குத் தேவையும் குறைந்தது. வேலையிழந்த சீனர், கடலையும் சர்க்கரைப் பாகும் சேர்த்துச் செய்த மிட்டாயைத் தகரப் பெட்டியில் வைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தெருமுனைகளில் விற்றனர். நம் ஊர்க் கடலை மிட்டாயை ஒத்த பண்டம் அது. 1930களின் பிற்பகுதியில் இவர்களுட் பலரை அரசு நாடு கடத்தியது. எஞ்சியவர் சிலரே. பிற்காலப் பெருக்கத்திற்கு வித்தாக அமைந்தவர் அச்சிலர்.

ஜாவாவின் அடுப்பு

சீனமும் ஜாவாவும் சமையலில் கலந்தது நெதர்லாந்தில் அன்று. அக்கலப்பு ஜாவாவிலேயே பல நூற்றாண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. தென்சீனத்தின் ஃபூஜியன் கரையிலிருந்து சென்ற வணிகரும் கைவினைஞரும் சோயாப் பயற்றின் தயிர்க்கட்டி, முளைகட்டிய பயறு, கோதுமைச் சேவை, சுருள் அப்பம் ஆகியவற்றைத் தீவுகளுக்குக் கொண்டுசென்றனர். தாஹு, தாவுகே, பாமி, லும்பியா என்று இந்தோனேசியாவில் வழங்கும் சொற்களெல்லாம் ஹொக்கியன் சீனமே. இந்நட்பு எப்போதும் இனிமையாக இருந்ததில்லை. 1740 அக்டோபரில் ஒல்லாந்தர் ஆட்சியிலிருந்த பட்டாவியா நகரில் சீனர் பல்லாயிரவர் கொல்லப்பட்டனர். உணவு கலந்த அதே நகரில் குருதியும் சிந்தியது.

தமிழ்க் கரைக்கும் இவ்வரலாற்றில் ஒரு பங்குண்டு. ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கம்பெனி, பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கொண்ட சோழமண்டலத் துணிகளை ஏற்றிச்சென்று, தீவுகளில் வாசனைப் பொருள்களுக்கு மாற்றாகக் கொடுத்தது. துணியோடு சொற்களும் சென்றன. கடை 'கெடாய்' ஆகவும், கப்பல் 'காபால்' ஆகவும், பெட்டி 'பெத்தி' ஆகவும் அம்மொழியில் இன்றும் வழங்குகின்றன. நெதர்லாந்தின் சீன உணவகத்தில் 'கெரி' என்று எழுதியிருப்பது நம் கறியே. அங்கே சோற்றின் பக்கத்தில் வைக்கும் மிளகாய் விழுதும், ஈழத் தமிழர் இல்லங்களில் அரைக்கும் மிளகாய்ச் சேர்க்கையும் சம்பல் என்னும் ஒரே பெயரைத் தாங்கியுள்ளன.

ஆட்சியாளரான ஒல்லாந்தர், தீவுகளின் உணவைத் தமக்கேற்ற ஒரு காட்சியாக மாற்றிக்கொண்டனர். 'ரைஸ்டாஃபல்', அதாவது சோற்று மேசை, என்பது அதன் பெயர். நடுவே சோறு இருக்கும். அதனைச் சூழப் பற்பல கறிகள் வைக்கப்படும். பட்டாவியாவின் ஓட்டல் தெஸ் ஆந்த் விடுதியில், ஒவ்வொரு கறியையும் ஒரு பணியாளர் ஏந்தி வர, அவர்கள் வரிசையாக நின்று பரிமாறுவர். ஜாவாவின் உழவர் எவரும் அவ்வாறு உண்டதில்லை. உணவின் சுவையைக் காட்டிலும் பணியாளர் வரிசையின் நீளமே அங்கு ஆண்டவரின் செல்வத்தைப் புலப்படுத்தியது.

பேரரசு வீடு திரும்பியபோது

1945 ஆகஸ்ட் 17-இல் இந்தோனேசியா தன் விடுதலையை அறிவித்தது. ஒல்லாந்தர் அதனை ஏற்கவில்லை. நான்காண்டுகள் போர் நடந்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டாயப் படைவீரர் நெதர்லாந்திலிருந்து அனுப்பப்பட்டனர். அப்போரில் ஒல்லாந்தர் படை கட்டுமீறிய வன்முறையை முறையாகவே கையாண்டது என்று ஆய்வுகள் நிறுவியதன்பின், 2022-இல் நெதர்லாந்துப் பிரதமர் இந்தோனேசிய மக்களிடம் மன்னிப்புக் கோரினார். 1949 டிசம்பர் 27-இல் ஆட்சியுரிமை கைமாறியது.

1945-க்கும் 1960களின் நடுப்பகுதிக்கும் இடையே ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் தீவுகளிலிருந்து நெதர்லாந்துக்கு வந்தனர். ஒல்லாந்தரும், ஒல்லாந்தரும் ஆசியரும் கலந்த குடும்பத்தினரும், மொலுக்கத் தீவுகளின் படைவீரரும் அவருள் அடங்குவர். 'தாயகம் திரும்பியோர்' என்று ஏடுகளில் எழுதப்பட்ட இவருட் பலர் அத்தாயகத்தை அதற்குமுன் கண்டதே இல்லை. அரசு அவர்களை ஒப்பந்த விடுதிகளில் தங்கவைத்தது. அங்கே அவர்களுக்குக் கிடைத்தது அவித்த உருளைக்கிழங்கும் வெந்த காயும் குழம்புநீரும். சோறும் சம்பலும் நாடிய நாவுக்கு ஊரில் இருந்த ஒரே புகலிடம் மாலுமிகளின் சீன உணவகம்.

போரிலிருந்து மீண்ட படைவீரருக்கும் அச்சுவை பழகியிருந்தது. சீனக் கடைக்காரர் இத்தேவையை உடனே உணர்ந்தனர். தீவுகளிலிருந்து வந்த சமையற்காரரை அமர்த்திக்கொண்டும், வாடிக்கையாளர் சொல்லக் கேட்டும், தம் பட்டியலில் நாசி கோரெங் எனப்படும் பொரித்த சோறு, பாமி கோரெங் எனப்படும் பொரித்த சேவை, கடலைக் குழம்பிட்ட சாத்தே இறைச்சி ஆகியவற்றைச் சேர்த்தனர். பலகையில் 'சீனீஸ்' என்ற சொல்லை அடுத்து 'இந்திஸ்' என்ற சொல் ஏறியது இவ்வாறுதான்.

விருந்து நாள்

தீவுகளின் நினைவை நாடி வந்தவர்களால் மட்டும் இவ்வளவு கடைகள் பெருகியிருக்க முடியாது. தீவுகளைக் காணாத எளிய ஒல்லாந்தக் குடும்பங்கள் உள்ளே நுழைந்ததே பெருக்கத்திற்குக் காரணம். 1950கள் வரை அந்நாட்டுத் தொழிலாளர் குடும்பம் உணவகத்தில் உண்பது அரிது. மாலை ஆறு மணிக்கு உருளைக்கிழங்கு, காய், சிறு துண்டு இறைச்சி என்பது வீட்டு வழக்கம். வெள்ளைத்துணி விரித்த உணவகங்கள் செல்வருக்குரியவை. அங்கே எந்தக் கரண்டியை முதலில் எடுப்பது என்பதே ஓர் அச்சம். 1960களில் கூலி உயர்ந்தபோது, அக்குடும்பங்கள் முதன்முதலாக வெளியில் உண்ணச் சென்ற இடம் பெரும்பாலும் சீன உணவகமாகவே இருந்தது.

கிறித்துமஸ் அங்கே இரண்டு நாள் திருநாள். முதல் நாள் வீட்டோடும் தேவாலயத்தோடும் கழியும். டிசம்பர் 26-ஆம் நாள் பெற்றோர், பாட்டன் பாட்டி, பிள்ளைகள் எனக் குடும்பம் முழுவதும் சேர்ந்து வெளியே செல்லும் நாள். ஊர்க் கடைகள் மூடிக்கிடக்கும் அந்நாளில் சிவப்பு விளக்குகள் எரிய, சீன உணவகம் திறந்திருக்கும். மரத்தில் செதுக்கிய நாகங்கள், தொங்கும் குஞ்ச விளக்கு, மீன் தொட்டி ஆகியவற்றின் நடுவே மேசை போட்டிருக்கும். உணவின் பெயரை உச்சரிக்கத் தெரியாதவர்க்கு எண்ணே போதும். பட்டியலில் ஒவ்வோர் உணவுக்கும் ஓர் எண் உண்டு. மேசையில் மெழுகுவிளக்கிட்ட சூட்டுத் தட்டை முதலில் வைப்பர். அதன்மேல் தட்டுகள் வரும். வறுத்த பன்றி இறைச்சியின்மேல் புளிப்பும் இனிப்புமான சிவந்த குழம்பு ஊற்றிய பாபி பாங்காங், தக்காளிக் குழம்பில் மிதக்கும் முட்டைப் பொரியலான ஃபூ யோங் ஹாய், உள்ளங்கையினும் நீண்ட லும்பியா, முட்டைக்கோசு ஊறுகாயான அச்சார், வாயிலிட்டதும் கரையும் இறால் அப்பளமாகிய குருபுக் ஆகியன வரிசையாக வந்து நிறையும். இறுதியில் பொரித்த வாழைப்பழம். அளவோ மிகப் பெரிது. இருவருக்கென்று வந்தது நால்வருக்குப் போதும். மிஞ்சியதைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பர். புத்தாண்டு நெருங்கும் நாளாதலால், சீன ஓவியம் அச்சிட்ட நாட்காட்டி ஒன்றையும் வாடிக்கையாளருக்கு அளிப்பர். ஆண்டு முழுதும் அது அவ்வீட்டுச் சமையலறையில் தொங்கும்.

பட்டாவியாவில் செல்வத்தைக் காட்டிய ரைஸ்டாஃபல், இங்கே தொழிலாளியின் மேசைக்கு இறங்கி வந்தது. 'இருவருக்கான சோற்று மேசை' என்று அதற்கும் ஓர் எண் இட்டனர். வரிசையாக நின்ற பணியாளர் இல்லை. ஒரே பரிசாரகர் எல்லாத் தட்டுகளையும் இரு கைகளில் அடுக்கிக்கொண்டு வந்தார்.

அந்த உணவுப் பட்டியலின் எழுத்தும் ஒரு வரலாற்று ஆவணமாகும். ஒல்லாந்தர் 1901-இல் மலாய் மொழிக்கு வகுத்த ரோமன் எழுத்து முறையில் உகரத்தை இரண்டு எழுத்துகளால் எழுதினர். சகர ஒலிக்கும் அவ்வாறே இரண்டு எழுத்துகள். விடுதலை பெற்ற இந்தோனேசியா 1947-இல் முதலாவதையும் 1972-இல் இரண்டாவதையும் மாற்றிக்கொண்டது. நெதர்லாந்தின் உணவகங்கள் மாற்றவில்லை. ஜகார்த்தாவின் பள்ளிப் பிள்ளைக்குப் பழைய கல்வெட்டைப் போல் தோன்றும் எழுத்தை, அங்கே ஒரு சிற்றூர் உணவகத்தின் அட்டையில் இன்றும் காணலாம். குடியேற்ற ஆட்சியின் எழுத்து, அவ்வாட்சியோடு தொடர்பில்லாத சீனரின் கையில் பிழைத்திருக்கிறது.

மலிவின் விலை

இவ்வளவு உணவை இவ்வளவு குறைந்த விலைக்கு எவ்வாறு தர முடிந்தது? சோறு, சேவை, முளைப்பயறு, முட்டைக்கோசு ஆகிய மலிவான பொருள்களே தட்டை நிறைத்தன. குழம்புகள் பெரிய கலங்களில் முன்னரே காய்ச்சி வைக்கப்பட்டன. கடை தொடங்கும் முதல், வங்கியிலிருந்து வருவதைவிட உறவினரும் ஊராரும் சேர்ந்து கைமாற்றாகத் திரட்டித் தந்ததே மிகுதி. நம்மவர் சீட்டுப் பணத்தை நம்பித் தொழில் தொடங்குவதோடு இதனை ஒப்பிடலாம். ஆனால் மலிவுக்குத் தலையாய காரணம் உழைப்பின் மலிவே.

1950களின் இறுதியிலிருந்து உணவகங்கள் பெருகவே, ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. அதனை நிறைத்தவர்கள் ஹாங்காங்கின் புதிய ஆட்சிப்பகுதி எனப்படும் சிற்றூர்களின் உழவர்கள். தாய்லாந்திலிருந்து வந்த மலிவான அரிசியால் தம் வயலின் விளைச்சல் விலைபோகாமல் நின்றவர்கள் அவர்கள். முதலில் பிரிட்டனுக்குச் சென்றனர். 1962-இல் பிரிட்டன் குடியேற்றச் சட்டத்தை இறுக்கியபின், நெதர்லாந்தும் அவர்களை மிகுதியாக ஈர்த்தது. பின்னர், சீனத்தின் செஜியாங் பகுதியினரும் மலேசிய, சிங்கப்பூர்ச் சீனரும் வந்தனர். 1980களின் தொடக்கத்தில் நாட்டில் ஏறத்தாழ இரண்டாயிரம் சீன-இந்தோனேசிய உணவகங்கள் இருந்தன. அரிசிச் சந்தையால் வயலைவிட்டு வெளியேறியவர், அயல்நாட்டில் சோறு சமைத்துப் பிழைத்தனர் என்பதில் ஒரு கசப்பான பொருத்தம் உண்டு.

உணவகத்தின் மாடியே அவர்களின் வீடு. கணவர் அடுப்பின் முன். மனைவி பணப்பெட்டியின் முன். பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் இறால் உரிப்பர், லும்பியா சுருட்டுவர், கடைமேசையின் ஓரத்தில் வீட்டுப்பாடம் எழுதுவர். பெற்றோருக்கு டச்சு மொழி வாராதபோது அரசின் கடிதங்களைப் படித்துச் சொல்பவரும் அப்பிள்ளைகளே. ஊரார் விருந்துண்ணும் திருநாள்தான் கடையில் வேலை மிகுந்த நாள். டிசம்பர் 26-ஆம் நாள் ஒரு குடும்பம் கூடி உண்பதற்காக, இன்னொரு குடும்பம் கூடி உண்ணாதிருந்தது. பட்டியலில் எழுதப்படாத விலை இது.

உண்டவர் யாவரும் இதனை உணர்ந்தார் என்று சொல்வதற்கில்லை. சம்பல் வேண்டுமா என்று பரிசாரகர் கேட்ட இரு சொற்கள், அவருடைய உச்சரிப்போடு சேர்த்துக் கேலிப் பேச்சாயின. பள்ளியில் சீனப் பிள்ளைகள் அதனைக் கேட்டே வளர்ந்தனர். 2013-இல் தொலைக்காட்சித் திறன் போட்டியொன்றில் இசைநாடகப் பாடலைப் பாட வந்த ஒரு சீனரிடம், எந்த எண்ணைப் பாடப்போகிறீர், சோற்றுடன் முப்பத்தொன்பதா என்று நடுவர் ஒருவர் கேட்டார். அது கண்டனத்துக்குள்ளாகி, உலகச் செய்தியாயிற்று. உச்சரிக்கத் தெரியாத வாடிக்கையாளருக்கு உதவவென்று இடப்பட்ட எண், உதவியவரையே எண்ணாக்கி இகழும் கருவியாயிற்று.

மறைவும் மரபும்

1980களின் நடுவிலிருந்து உணவகங்கள் குறையலாயின. பொருளாதாரச் சரிவு ஒரு காரணம். இத்தாலிய, துருக்கிய, தாய்லாந்து உணவகங்களின் போட்டி மற்றொன்று. தூய சீனம், தூய இந்தோனேசியம் என்று நாடும் புதிய சுவையாளர், இரண்டுமல்லாத இந்த உணவைப் போலி என்று ஒதுக்கினர். பல கடைகள் வாணலியில் கண்முன்னே சமைத்துத் தரும் கூடங்களாகவும், ஒரே கட்டணத்துக்கு வேண்டுமளவு உண்ணும் ஜப்பானிய உணவகங்களாகவும் உருமாறின. அவற்றையும் பெரும்பாலும் சீனரே நடத்துகின்றனர்.

போலி என்னும் குற்றச்சாட்டு ஆராயத்தக்கது. பாபி பாங்காங்கின் சிவந்த குழம்பு சுமத்ராவில் இல்லை, சீனத்திலும் இல்லை. எனினும் மாலுமி, விடுதலைப் போரால் இடம்பெயர்ந்தவர், வயலிழந்த உழவர், முதன்முதல் விருந்துண்ட தொழிலாளி ஆகிய நால்வரும் ஒரே மேசையில் சந்தித்ததால் பிறந்த குழம்பு அது. அது பிறந்த இடம் நெதர்லாந்து. அவ்விடத்துக்கு அது உண்மையானது. இதனை அந்நாடும் இறுதியில் ஏற்றது. 2021-இல் சீன-இந்தோனேசிய உணவகப் பண்பாடு நெதர்லாந்தின் தொட்டறியா மரபுகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

மறைவின் இன்னொரு காரணத்தை மரபுப் பட்டியல்கள் உரக்கச் சொல்வதில்லை. கடை மேசையோரத்தில் வீட்டுப்பாடம் எழுதிய பிள்ளைகள் இன்று கணக்காயரும் மருத்துவரும் பொறியாளரும் ஆகியுள்ளனர். கடையை ஏற்க அவர்கள் விரும்பவில்லை. பெற்றோரும் அதனை விரும்பவில்லை. பிள்ளைகள் இந்த அடுப்பின் முன் நிற்கக் கூடாது என்பதற்காகவே அவர்கள் அங்கே நாற்பதாண்டு நின்றனர். ஆகவே மூடப்பட்ட ஒவ்வொரு கதவையும் தோல்வி என்று எண்ணுவது பிழை. வாடிக்கையாளருக்கு அது இழப்பு. கடைக்காரருக்குப் பல வேளைகளில் அது நிறைவேறிய எண்ணம்.

1983-க்குப் பின் ஈழத் தமிழர் ஏதிலியராக ஐரோப்பா வந்தபோது, அவருட் பலருக்கும் முதலில் கிடைத்தது பிறர் உணவகங்களின் சமையலறைப் பணியே. பின்னர்த் தமக்கென மளிகைக் கடைகளும் உணவகங்களும் கண்டனர். அவற்றின் வரலாற்றை நாம் எழுதும்போது, எந்தப் பண்டம் எந்த ஊரினது, எது தூயது என்று வழக்காடுவதோடு நின்றுவிடலாகாது. எவர் பணம் கொடுத்து உதவினார், எவர் பாத்திரம் கழுவினார், பொங்கல் நாளிலும் தீபாவளி நாளிலும் கடை ஏன் திறந்திருந்தது, பிள்ளைகள் எங்கே அமர்ந்து படித்தனர் என்பனவும் குறிக்கப்பட வேண்டும். சீனக் கடைக்காரர் பலர் இவற்றை எழுதிவைக்காமலே மறைந்தனர். அவர்தம் பிள்ளைகள் இப்போது பெற்றோரின் பழைய கணக்கேடுகளையும் உணவு அட்டைகளையும் தேடிச் சேர்க்கின்றனர். நம்மவர் கணக்கேடுகள் இன்னும் கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளன.